புதுத் தொட்டியில் மீன்: தண்ணீரை எப்போது மாற்றுவது?

கிணற்றுப் பாசனத்தை நம்பி நெல்லும் கரும்பும் மணிலாவும் பயிரிடும் சிறு விவசாயிக்கு ஓர் உபதொழில் இன்றியமையாதது. கறவை மாடு, ஆடு, கோழி என்ற வரிசையில் இப்போது தொட்டி மீன் வளர்ப்பும் சேர்ந்துள்ளது. இரும்புக் கம்பி வலைக்குள் தார்ப்பாய் விரித்து அமைக்கும் வட்டத் தொட்டியோ சிறிய சிமெண்டுத் தொட்டியோ கிணற்று மேட்டிலேயே அடங்கிவிடும். 4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால் ஏறத்தாழ 10,000 லிட்டர் கொள்ளும். திருக்கோவிலூர் வட்டாரத்தில் ஒரு கிணறும் ஒரு மோட்டாரும் உள்ள விவசாயிக்கு இது எட்டாத காரியம் அல்ல.

ஆனால் இத்தொழிலில் முதலைக் கரைத்துவிடும் கட்டம் ஒன்று உண்டு. அது தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. புதுத் தொட்டியில் தெளிந்த நீர் நிரப்பிக் குஞ்சுகளை விடுகிறார்கள். முதல் வாரம் மீன்கள் நன்றாகத் தீவனம் எடுக்கின்றன. இரண்டாம் வாரத்தில் மந்தமாகின்றன. மூன்றாம் வாரத்தில் ஒன்றிரண்டாகவும் பிறகு கூட்டமாகவும் மிதக்கின்றன. நோய் என்று எண்ணி மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள்; பயன் இருப்பதில்லை. கடன் நிற்கிறது, மீன் நிற்பதில்லை.

இந்தச் சமயத்தில் விவசாயியின் காதில் இரண்டு யோசனைகள் விழும். "தினமும் தண்ணீரை மாற்று" என்பார் ஒருவர். "புதுத் தொட்டியில் தண்ணீரைத் தொடவே கூடாது, நுண்ணுயிர் போய்விடும்" என்பார் மற்றொருவர். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. எந்தப் பாதி எப்போது பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஏரி வேறு, தொட்டி வேறு

ஏரியிலும் குட்டையிலும் காலங்காலமாக மீன் வளர்ந்துவருகிறது. அங்கே எவரும் தண்ணீரை மாற்றியதில்லை. ஏரியின் அடிச் சேறு, கரையோரப் புல், பாசி, நீர்க்கொடி ஆகியவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருந்து மீனின் கழிவை உடனுக்குடன் தீர்த்துவிடுகின்றன. பாசியும் தன் பங்குக்கு அதை உணவாக எடுத்துக்கொள்கிறது. மீனின் எண்ணிக்கையும் நீரின் அளவை நோக்கக் குறைவு.

புதுத் தார்ப்பாயில் இவை எதுவும் இல்லை. நீர் பளிங்குபோல் தெளிவாக இருப்பதே அதில் இன்னும் உயிர் சேரவில்லை என்பதற்கு அடையாளம். தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீர் என்ற எண்ணம் இங்கே ஏமாற்றிவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நிறமற்றவை. தொட்டியின் அடிவரை தெரியும் நீரிலும் மீனைக் கொல்லும் அளவுக்கு அவை கலந்திருக்கக்கூடும்.

நிலத்தில் நடப்பதே நீரிலும் நடக்கிறது

வயலில் யூரியா இட்டால் அது முதலில் அம்மோனியமாகி, காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது என்பதை விவசாயிகள் அறிவார்கள். அந்த மாற்றத்தைச் செய்பவை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள். மீன் தொட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிடுகிறது. உண்ணாமல் விட்ட தீவனமும் சாணமும் அழுகி மேலும் அம்மோனியா தருகின்றன. இதை நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் போன்ற மற்றொரு வகையினம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதான நைட்ரேட் மிக அதிகமாகச் சேர்ந்தாலன்றிக் கெடுதல் செய்வதில்லை.

இது நுண்ணுயிரின் வேலைதான் என்று 1877ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் மெய்ப்பித்தார்கள். மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியே கழிவுநீரை மெல்லக் கசியவிட்டார்கள். முதல் 20 நாள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பின்னர் அம்மோனியா மறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுபோயிற்று. பிறகு சிறிது மண் கரைத்த நீரைச் சேர்த்ததும் வேலை மீண்டும் தொடங்கிற்று. 1890இல் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இச்சோதனையில் தொட்டி விவசாயிக்கு மூன்று பாடங்கள் உள்ளன. நுண்ணுயிர் பெருகக் காலம் பிடிக்கும். அது மணலின் மேற்பரப்பில் ஒட்டி வாழும். ஓடும் நீரோடு அடித்துச் செல்லப்படாது. ஏற்கெனவே நுண்ணுயிர் உள்ள இடத்திலிருந்து சிறிது விதை எடுத்து இட்டால் வேலை தொடங்கும்.

முதல் ஆறு வாரம்

புதுத் தொட்டி பக்குவமாவதற்குச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். வெயில் காலத்தில் சற்று முன்னதாகவும் மார்கழிக் குளிரில் சற்றுத் தாமதமாகவும் முடியலாம். முதல் இரண்டு வாரங்களில் அம்மோனியா ஏறும். அதை உண்ணும் நுண்ணுயிர் பெருகியதும் அம்மோனியா இறங்கும். அதே வேகத்தில் நைட்ரைட் ஏறும். மூன்றாம், நான்காம் வாரங்கள் பெரும்பாலும் நைட்ரைட்டின் காலம். பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் சேரத் தொடங்கும். அம்மோனியா இறங்கியதைக் கண்டு "ஆபத்து நீங்கிற்று" என்று தீவனத்தைக் கூட்டுவோர் மூன்றாம் வாரத்தில் மீனை இழப்பது இதனால்தான்.

கணக்கைப் பார்ப்போம்

10,000 லிட்டர் தொட்டியில் 10 கிராம் எடையுள்ள 400 குஞ்சுகளை விடுவதாகக் கொள்வோம். மொத்த எடை 4 கிலோ. எடையில் 5 சதவீதம் என்ற அளவில் நாளொன்றுக்கு 200 கிராம் தீவனம் இடவேண்டும். 30 சதவீதம் புரதமுள்ள தீவனத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தழைச்சத்து அம்மோனியாவாக நீரில் சேரும். ஆக, ஒரு நாளில் 6 கிராம். அதாவது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். தீர்க்கும் நுண்ணுயிர் இல்லாத நிலையில் ஐந்து நாளில் இது 3 மில்லிகிராம் ஆகிவிடும்.

நீரை மாற்றியே இதைச் சமாளிப்பதென்றால், அம்மோனியா 1 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருக்க நாள்தோறும் 60 சதவீத நீரை, அதாவது 6,000 லிட்டரை மாற்ற வேண்டும். சித்திரை வைகாசியில் பயிருக்கே நீர் போதாத கிணற்றில் இது நடக்கிற காரியமா?

அதே தொட்டியில் முதலில் கால் பங்குக் குஞ்சுகளை, அதாவது 100 மட்டும் விட்டு 50 கிராம் தீவனம் இட்டால் அம்மோனியா நாளொன்றுக்கு 0.15 மில்லிகிராம்தான் சேரும். அப்போது 1,500 லிட்டர் மாற்றினால் போதும். எனவே நீர் மாற்றுவதைக் காட்டிலும் முக்கியமானது, குஞ்சுகளைத் தவணை தவணையாக விடுவது. நாற்றங்காலில் நாற்று வளராமல் வயல் முழுவதையும் எவரும் நடுவதில்லை அல்லவா?

மீன் விடுமுன் பக்குவப்படுத்தும் முறை

எல்லாவற்றிலும் சிறந்த வழி, மீனை விடுவதற்கு முன்பே நுண்ணுயிரை வளர்த்துக்கொள்வது. இதில் உயிர்ச் சேதம் இல்லை. நீர்ச் செலவும் குறைவு.

புதுத் தார்ப்பாயை நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவிட்டு, அந்நீரை முழுவதும் வெளியேற்ற வேண்டும். சிமெண்டுத் தொட்டியாயின் சுண்ணாம்புக் காரம் நீங்கும்வரை வாரத்துக்கு ஒரு முறை நீர் நிரப்பி வடித்துவிட வேண்டும். கார அமில நிலை 8.5க்குக் கீழ் வந்து நிலைத்த பின்னரே அடுத்த வேலையைத் தொடங்கலாம். நீரை முழுவதும் மாற்றுவது தவறாகாத கட்டம் இது ஒன்றே.

பிறகு நீர் நிரப்பி, காற்று இயந்திரத்தை இரவு பகலாக ஓட்டி, வடிகட்டியையும் இயக்க வேண்டும். நுண்ணுயிருக்கு உணவாக அம்மோனியம் சல்பேட் உரம் இடலாம். இதில் ஏறத்தாழ 20.5 சதவீதம் தழைச்சத்து உள்ளது. 10,000 லிட்டருக்கு 100 கிராம் கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியத் தழைச்சத்து கிடைக்கும். யூரியா இதற்கு ஏற்றதல்ல. அது முதலில் சிதைந்து அம்மோனியமாக வேண்டியிருப்பதால் அளவு பிடிபடாது.

விதைக்கு, நோயின்றி நன்கு ஓடும் பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு வாளி ஜல்லியை ஈரம் காயாமல் கொண்டுவந்து இடலாம். அது கிடைக்காவிடில் பூச்சிமருந்து படாத தோட்ட மண் ஒரு பிடியைத் துணியில் முடிந்து தொங்கவிடலாம்.

அம்மோனியா இறங்கிய ஒவ்வொரு முறையும் அதே அளவு உரத்தை மீண்டும் இடவேண்டும். இக்காலத்தில் நீரை மாற்ற வேண்டியதில்லை. அம்மோனியா 5 மில்லிகிராமைத் தாண்டினாலோ, நைட்ரைட் மிக அதிகமாகி இறங்காமல் நின்றாலோ, கார அமில நிலை 6.5க்குக் கீழ் சென்றாலோ மட்டும் பாதி நீரை மாற்றலாம். இந்நிலைகளில் நுண்ணுயிரே சோர்ந்துவிடும் என்பதால் இந்த விலக்கு.

100 கிராம் உரம் இட்ட 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லாமற் போனால் தொட்டி பக்குவமாகிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது பாதி நீரை வடித்துப் புது நீர் சேர்த்தால் சேர்ந்திருக்கும் நைட்ரேட் பாதியாகக் குறையும். மறுநாள் குஞ்சுகளை விடலாம். உணவின்றி வாரக்கணக்கில் தொட்டியைக் காலியாக விட்டுவைத்தால் வளர்த்த நுண்ணுயிர் சோர்ந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மீன் இருக்கும்போது நீர் மாற்றும் முறை

குஞ்சுகளை ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் நுண்ணுயிருக்காகக் காத்திருக்க முடியாது. அவர்களுக்கு நீர் மாற்றுவது மீனைக் காக்கும் மருந்து. நுண்ணுயிர் சுவரிலும் ஜல்லியிலும் ஒட்டியிருப்பதால், நீரில் ஒரு பகுதியை மாற்றுவதால் அது போய்விடாது. ஆகவே "தண்ணீரைத் தொடவே கூடாது" என்ற யோசனையைக் கேட்டு மீனைச் சாகவிட வேண்டாம்.

எப்போது மாற்றுவது என்பதைச் சோதனைப் பெட்டிதான் சொல்ல வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், கார அமில நிலை ஆகியவற்றைச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து அறியும் பெட்டிகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கின்றன. முதல் ஆறு வாரமும் நாள்தோறும் பிற்பகலில் சோதிப்பது நல்லது. பாசி உள்ள நீரில் பிற்பகலில்தான் காரம் அதிகமாக இருக்கும்.

காரத்தைப் பொறுத்தே அம்மோனியாவின் நஞ்சு அமையும். நீர் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது, கார அமில நிலை 7 ஆனால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் ஏறத்தாழ 7.5 சதவீதம், 9 ஆனால் 45 சதவீதம். எனவே கார அமில நிலை 7.5 வரை உள்ள நீரில் அம்மோனியா 1 மில்லிகிராமையும், 8 உள்ள நீரில் அரை மில்லிகிராமையும், 8.5 உள்ள நீரில் கால் மில்லிகிராமையும் தாண்ட விடலாகாது. மேலே சொன்ன 100 குஞ்சுக் கணக்கில், காரம் 8 ஆனால் 1,500 லிட்டருக்குப் பதிலாக 3,000 லிட்டர் மாற்ற நேரிடும். நைட்ரைட் எந்நிலையிலும் அரை மில்லிகிராமுக்குள் இருப்பது நலம்.

அளவு தாண்டினால் முதலில் தீவனத்தை ஒன்றிரண்டு நாள் நிறுத்த வேண்டும். மீன் பட்டினியால் உடனே சாகாது, அம்மோனியாவால் சாகும். பிறகு அடியில் தேங்கிய சாணத்தோடு சேர்த்துக் கால் பங்கு நீரை வடித்து, அதே அளவு புது நீரை மெல்லப் பாய்ச்ச வேண்டும். 3 மில்லிகிராம் அம்மோனியா உள்ள நீரில் கால் பங்கை மாற்றினால் 2.25 ஆகும். மறுநாளும் கால் பங்கை மாற்றினால் 1.7 அளவுக்கு இறங்கும். அவசரமானால் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மாற்றலாமே தவிர, ஒரேயடியாக முழு நீரையும் வடித்துவிடக் கூடாது.

புது நீரும் பக்குவப்பட வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உயிர்வளி குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். சில இடங்களில் இரும்பும் உண்டு. அதை ஒரு நாள் வேறு தொட்டியில் தேக்கிக் காற்று ஊட்டி வைத்துப் பின் பயன்படுத்த வேண்டும். ஊராட்சிக் குழாய் நீராயின் குளோரின் மீனையும் நுண்ணுயிரையும் ஒருங்கே அழிக்கும். அதையும் ஒரு நாள் காற்று ஊட்டி வைக்கலாம். அல்லது லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டர் நீருக்கு 7 கிராம் ஹைப்போ உப்பு, அதாவது சோடியம் தயோசல்பேட், கலக்கலாம். பழைய நீருக்கும் புது நீருக்கும் வெப்பத்தில் 2 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது.

நீர் மாற்றியதே மீனைக் கொல்லும் நேரம்

"தண்ணீர் மாற்றினேன், மறுநாளே மீன் செத்தது" என்று சொல்வோர் உண்டு. இதற்கும் காரணம் உண்டு. நுண்ணுயிர் அம்மோனியாவைத் தீர்க்கும்போது நீரில் உள்ள சுண்ணத் தன்மையைச் செலவழிக்கிறது. 1 கிராம் தழைச்சத்தை மாற்றச் சுமார் 7 கிராம் சுண்ணச் சத்து தேவை. பல வாரம் கவனியாது விட்ட தொட்டியில் இது தீர்ந்து, கார அமில நிலை 6.5க்குக் கீழ் போய்விடும். அப்போது நுண்ணுயிர் வேலை நின்று அம்மோனியா குவியும். ஆனால் காரம் இல்லாததால் அது நஞ்சற்ற வடிவில் கிடக்கும், மீனும் பிழைத்திருக்கும். அந்த நேரத்தில் காரம் மிகுந்த கிணற்று நீரைப் பாதிக்கு மேல் ஊற்றினால் கிடந்ததெல்லாம் நொடியில் நஞ்சாக மாறிவிடும்.

ஆகவே நீர் மாற்றும் முன் தொட்டி நீர், புது நீர் இரண்டின் கார அமில நிலையையும் பார்ப்பது அவசியம். வேறுபாடு அதிகமாயின் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். சுண்ணத் தன்மை குறையாதிருக்க, 200 கிராம் தீவனம் இடும் தொட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் சமையல் சோடா தேவைப்படலாம். கிணற்று நீரிலேயே சுண்ணத் தன்மை போதிய அளவு இருந்தால் இது வேண்டாம். சோதித்து, லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் சென்றால் மட்டும் இட்டால் போதும்.

நைட்ரைட்டுக்குக் கல்லுப்பு

நைட்ரைட் மீனின் செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுகிறது. காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீன் மேலே வந்து வாய் திறந்து மூச்சுத் திணறினால் நைட்ரைட்டைச் சந்தேகிக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதிலாகப் பழுப்பு நிறம் தெரியும்.

இதற்குக் கைமருந்து கல்லுப்பு. உப்பில் உள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் புகும் வழியை மறித்துக்கொள்கிறது. 10,000 லிட்டருக்கு 1.7 கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும். நீரில் கால் பங்கை மாற்றும்போது உப்பும் கால் பங்கு போய்விடும். அந்த அளவை மட்டும் மீண்டும் சேர்க்க வேண்டும். உப்பு நைட்ரைட்டின் தீங்கைத் தடுக்குமேயன்றி நைட்ரைட்டை நீக்காது. அம்மோனியாவுக்கு உப்பு மருந்தல்ல.

வடிகட்டியைக் கழுவாதீர்

நீரை மாற்றுவதால் போகாத நுண்ணுயிர், வடிகட்டியைக் கழுவுவதால் போய்விடும். நீர் கலங்கியதும் தொட்டிச் சுவரைத் தேய்த்து, ஜல்லியை அலசி, வெயிலில் உலர்த்தி வைப்போர் உண்டு. பாத்திரம் துலக்குவதுபோல் செய்யும் இந்த வேலை, நான்கு வாரம் வளர்ந்த பயிரை அழித்துவிட்டு மறுபடி விதைப்பதற்குச் சமம். சுவரில் வழவழப்பாகப் படியும் மெல்லிய படலம் அழுக்கல்ல. அதுவே நுண்ணுயிரின் குடியிருப்பு.

வடிகட்டிக்கு விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் கழுவிய ஜல்லி, உடைந்த ஓடு, பழுதான சொட்டுநீர்க் குழாயை விரற்கடை அளவு நறுக்கிய துண்டுகள் ஆகியவற்றை நிரப்பி, நீர் அதன் வழியே சுற்றிவருமாறு செய்யலாம். முன்னால் ஒரு சிறு பீப்பாய் வைத்துச் சாணத்தைத் தங்கச் செய்து, அதை மட்டும் அடிக்கடி வடித்துவிடலாம். ஜல்லி அடைத்துக்கொண்டால் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, தொட்டியிலிருந்து வடித்த நீரிலேயே அலசிப் போட வேண்டும்.

1 கிராம் அம்மோனியத் தழைச்சத்தைத் தீர்க்க நுண்ணுயிருக்குச் சுமார் 4.6 கிராம் உயிர்வளி தேவை. எனவே மின்சாரம் நின்றால் மூச்சு முட்டுவது மீனுக்கு மட்டுமல்ல. மின்கலமோ சிறு ஜெனரேட்டரோ மாற்று ஏற்பாடாக இல்லாதவர்கள் தொட்டி மீனில் இறங்காதிருப்பதே நல்லது.

மருந்து ஊற்றுவதிலும் எச்சரிக்கை தேவை. கிருமியைக் கொல்லும் மருந்து, நோய்க் கிருமி எது, நன்மை செய்யும் நுண்ணுயிர் எது என்று பார்த்துக் கொல்வதில்லை.

பயோபிளாக் முறையில் நெறி வேறு

பயோபிளாக் என்ற முறையில் நுண்ணுயிர்கள் சுவரில் ஒட்டாமல் நீரிலேயே மிதக்கும் திரளாக வளர்க்கப்படுகின்றன. அங்கே நீரை வடித்தால் நுண்ணுயிரும் உடன் போய்விடும். "தண்ணீரைத் தொடாதே" என்ற யோசனை அம்முறைக்குப் பொருந்தும்; மற்றத் தொட்டிக்கு அது பொருந்தாது. பயோபிளாக்கில் அம்மோனியா ஏறினால் முதல் சிகிச்சை வெல்லம். 1 கிராம் அம்மோனியத் தழைச்சத்துக்கு 15 முதல் 20 கிராம் வெல்லம் என்ற கணக்கில் கரைத்து ஊற்றினால், மிதக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தம் உடலாக்கிக்கொள்ளும். அப்போது அவை உயிர்வளியையும் மிகுதியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் காற்று குறையக் கூடாது.

கடல்நீர்த் தொட்டிக்கும் இதுவே பாடம்

வண்ணமீன் வளர்ப்பில் ஊக்கமுள்ள இளைஞர்கள் சிலர் கடல்நீர்த் தொட்டி பற்றிக் கேட்பதுண்டு. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும், மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் கோமாளி மீன் போன்ற கடல் வண்ணமீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். அங்கும் புதுத் தொட்டி பக்குவமாகக் காத்திருக்கவே வேண்டும். உப்பு நீரில் இதற்கு 4 முதல் 8 வாரம் பிடிக்கலாம்.

வேறுபாடுகள் மூன்று. கடல்நீரின் கார அமில நிலை 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியா அங்கே கூடுதல் நஞ்சு. குளோரைடு நிறைந்திருப்பதால் நைட்ரைட்டின் தீங்கு குறைவு. மூன்றாவது, நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே ஆவியான குறையை நல்ல நீர் விட்டே ஈடுசெய்ய வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வடித்து மாற்றும் நீர் மட்டும், லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவில், ஒரு நாள் முன்னதாகக் கலந்து வைத்த நீராக இருக்க வேண்டும். 100 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் மாற்றுவதற்கே 700 கிராம் கடலுப்புக் கலவை செலவாகும்.

கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள திருக்கோவிலூர் போன்ற உள்நாட்டுப் பகுதியில் இதைப் பெரிய அளவில் செய்வது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. அதைவிட முக்கியம், வடித்த உப்பு நீரை விடுவதற்கு அங்கே இடமில்லை. வாய்க்காலில் விட்டால் வயல் உவராகும்; கிணற்றோரம் விட்டால் குடிநீர் கெடும். ஆர்வத்துக்காக வீட்டில் ஒரு சிறு கண்ணாடித் தொட்டி வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வடித்த நீர் வீணல்ல

நல்ல நீர்த் தொட்டியில் வடிக்கும் நீர் பயிருக்கு உணவு. 200 கிராம் தீவனம் இடும் தொட்டியில் நாளொன்றுக்குச் சேரும் 6 கிராம் தழைச்சத்து 13 கிராம் யூரியாவுக்குச் சமம். மாதத்துக்கு ஏறத்தாழ 390 கிராம் யூரியாவின் தழைச்சத்து. பெரிய தொகை அல்லவெனினும், நான்கு தென்னைக்கோ ஒரு சிறு தீவனப்புல் பாத்திக்கோ விட்டால் நீரும் வீணாகாது, சத்தும் வீணாகாது. நைட்ரைட்டுக்காக மேலே சொன்ன சிறிய அளவில் உப்பிட்ட நீரை ஒரே பாத்தியில் தொடர்ந்து விடாமல் இடம் மாற்றிப் பாய்ச்ச வேண்டும். அதிக உப்பிட்டு மருத்துவம் செய்த நீரைப் பயிருக்கு விடலாகாது.

தொழில் தொடங்குமுன்

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்தில் மீன் தொட்டி அலகுகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், மகளிர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. தற்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மேம்படுத்தப்பட்ட கிஃப்ட் திலேப்பியா வளர்க்க முன் அனுமதி தேவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

மானியம் தொட்டியின் விலையைக் குறைக்கலாம். முதல் ஆறு வாரத்தைக் குறைக்காது. குஞ்சு வாங்கும் தேதியைக் குறிக்குமுன் தொட்டி பக்குவமான தேதியைக் குறிக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், தீவன அளவு, அம்மோனியா, நைட்ரைட், கார அமில நிலை, மாற்றிய நீர் ஆகிய ஆறையும் எழுதிவந்தால், எப்போது மாற்ற வேண்டும், எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை அந்தப் புத்தகமே சொல்லிவிடும். மீன் இல்லாத தொட்டியில் பொறுமையும், மீன் உள்ள தொட்டியில் அளந்து அளந்து சிறுகச் சிறுக மாற்றும் நீரும், எந்தத் தொட்டியிலும் கழுவப்படாத வடிகட்டியும் இருந்தால், மூன்றாம் வாரத்தில் மிதக்கும் மீன்களை அள்ளிப் புதைக்கும் நிலை விவசாயிக்கு ஏற்படாது.